சின்னச் சீன பேக்கரிக்கு முதல் தடவை போகிறோம்: என்ன எடுக்கலாம், எதைக் கேட்டு எடுக்க வேண்டும்?

ஹம்டன் லேன்

கொள்ளுப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் சின்னச் சீன பேக்கரி ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை முழுக்கச் சீன எழுத்து. வேலை முடிந்து நான் 100ஆம் இலக்க பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடம் வரைக்கும் அதன் வாசனை வரும். நேற்று வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். சுவரோரமாகக் கண்ணாடிக் கதவு போட்ட தட்டுகள், உள்ளே விதவிதமான பணிஸ். நம் பேக்கரிகளில் போல ஆள் நின்று எடுத்துத் தருவதில்லை. வருகிறவர்களே ஒரு ட்ரேயும் இடுக்கியும் எடுத்து, வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு கவுண்டருக்குப் போகிறார்கள். விலைத்துண்டில் ரூபா மட்டும்தான் எனக்கு விளங்கியது. பெரும்பாலானவை 200க்கும் 350க்கும் இடையில்.

சனிக்கிழமை வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று யோசிக்கிறேன். மனைவி மாட்டிறைச்சி தவிர எல்லாம் சாப்பிடுவார். மகளுக்கு ஏழு வயது, இனிப்பு என்றால் போதும். அம்மா சுத்த சைவம், முட்டை போட்ட கேக்கையும் தொடமாட்டார். ஆனாலும் "நானும் வந்து பார்க்கிறேன்" என்கிறார். நாலு பேருக்கு 3000 ரூபாவுக்குள் முடிக்க வேண்டும்.

எதை எடுத்தால் நல்லது? அம்மா சாப்பிடக்கூடியது ஏதாவது இருக்குமா? உள்ளே இறைச்சியா இனிப்பா என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? சைனீஸ் ரோல்ஸ் இருக்குமா என்று மகள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள்.

பாமன்கடைச் சந்தி

அந்தக் கடைக்கு நான் அவ்வப்போது போகிறவன். காசாகக் கொண்டு போங்கள், கார்ட் எடுப்பதில்லை. கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும், ஆங்கிலம் அதைவிடக் கொஞ்சம். உட்கார யன்னலோரம் சில ஸ்டூல் மட்டும்தான். சனிக்கிழமை பின்னேரம் மூன்றரை, நாலு மணிக்குப் போனால் சூடாகக் கிடைக்கும். இருட்டிய பிறகு போனால் எக் டார்ட் முடிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில பணிஸின் மேல் இளம் பழுப்பில் தூவலாக ஒன்று இருக்கும். பார்த்தால் வறுத்த தேங்காய்ப்பூ போலத் தெரியும். அது பன்றியிறைச்சி. அவித்து, உலர்த்தி, நார் நாராகப் பிரித்து வறுத்தது. உப்பும் இனிப்பும் சேர்ந்த அந்தப் பணிஸ் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அம்மாவின் கைக்குப் போய்விடக் கூடாது.

தெஹிவளை அன்ரி

தம்பி, நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அஜின்கோர்ட் பக்கம் ஒரு சீன பேக்கரியில் பல வருடம் கவுண்டரில் நின்றவள். இப்போது தெஹிவளையோடு வந்துவிட்டேன். உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இதைக் கேக் கடை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் வழியில் வாங்கிச் சாப்பிடும் பணிஸ் கடை இது. 1997இல் ஹொங்கொங் சீனாவிடம் கையளிக்கப்படுவதற்கு முந்திய வருடங்களில் அங்கிருந்து ஏராளமான குடும்பங்கள் ரொறன்ரோவுக்கு வந்தன. அஜின்கோர்ட்டில் 1984இலேயே சீனக் கடைத்தொகுதி ஒன்று திறந்தாயிற்று. அந்தச் சனத்தோடு வந்த கடை முறைதான் ட்ரேயும் இடுக்கியும். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் நாங்களும் யுத்தத்துக்குத் தப்பி அங்கே போய் இறங்கினோம். விடியப்புறம் கடை திறந்தால், இரவு வேலை முடித்து ஃபக்டரியிலிருந்து நேரே வரும் எங்கள் பெடியன்களும், பேப்பரோடு வந்து மூலையில் குந்தும் சீனத் தாத்தாமாரும் ஒன்றாகத்தான் வரிசையில் நிற்பார்கள். கையில் இருக்கும் சில்லறைக்கு ஒரு பணிஸும் ஒரு கோப்பியும் வந்துவிடும். அந்தச் சில்லறைக் காசுக்கு நல்ல சாப்பாடு கொடுப்பதில்தான் அந்தக் கடைகளின் மானம் இருந்தது. ஆகவே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கிறீம் கேக்கைப் பார்த்துக் கடையை எடை போடாதீர்கள். அன்னாசி பணிஸும் எக் டார்ட்டும் நன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இரண்டும் சரி என்றால் மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

உள்ளே போனதும் ட்ரே எடுத்து, அதன்மேல் ஓயில் பேப்பர் ஒன்றை விரியுங்கள். கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இடுக்கியால் பணிஸைப் பிடிக்கும்போது பக்கவாட்டில் பிடித்து நசுக்காமல், அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். அவ்வளவு மெத்தென்று இருக்கும், அமத்திய இடம் திரும்ப எழும்பாது. மகள் எடுக்க ஆசைப்பட்டால் நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எடுத்ததைத் திரும்ப வைக்கவே கூடாது. எங்கள் கடையில் சண்டை வந்தது என்றால் அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் வந்திருக்கும்.

கவுண்டரில் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சின்ன சொப்பிங் பைக்குள் போடுவார்கள். சூடான பணிஸ் என்றால், பையின் வாயைக் கட்டாமல் தரச் சொல்லுங்கள். கட்டினால் ஆவி உள்ளேயே நின்று வியர்த்து, அன்னாசி பணிஸின் மேலோடு ஐந்து நிமிடத்தில் பிசுபிசுத்துப் பையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைச் சாப்பிட்டு ஒரு பயனும் இல்லை. நான் கவுண்டரில் நின்ற காலம் முழுக்க, யாரும் சொல்லாமலே வாயைத் திறந்துதான் கொடுத்தேன்.

அன்னாசி பணிஸில் அன்னாசி கிடையாது, மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் மெதுவான பணிஸ். அதன் தலையில் சீனி, மா, முட்டை மஞ்சள், கொழுப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்த ஒரு தகட்டை வைத்து அவணில் போடுவார்கள். பணிஸ் உப்பும்போது அந்தத் தகடு விரியாமல் வெடித்துக் கட்டம் கட்டமாகப் பிளக்கும். நல்ல பணிஸ் என்றால் அந்த வெடிப்புகள் ஆழமாக, பொன்னிறமாக, தொட்டால் மொறுமொறுவென்று உதிர வேண்டும். ஹொங்கொங்கில் சூட்டோடு நடுவே வெட்டி, குளிர்ந்த பட்டரைத் தடித்த துண்டாக வைத்துக் கொடுப்பார்கள். பட்டர் உருகி வழிவதற்குள் கடித்துவிட வேண்டும். அந்தப் பணிஸ் செய்யும் கைப்பக்குவத்தை 2014இல் அங்கே பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். சேர்க்க வேண்டியதுதான்.

எக் டார்ட்டில் இரண்டு வகை மேலோடு உண்டு. ஒன்று பிஸ்கட் போல உதிர்வது, மற்றது ஏடு ஏடாகப் பிரிவது. ஏடு பிரிவதற்குக் கை வேலை கூட, விலையும் கொஞ்சம் கூட இருக்கலாம். நடுவில் இருப்பது முட்டை, சீனி, பால். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாக, சுருக்கமோ குமிழோ இல்லாமல் இருக்க வேண்டும். ட்ரேயை மெல்ல ஆட்டினால் நடுப்பகுதி இலேசாக ஆடும், அதுதான் பதம். சுருங்கிக் கிடந்தால் அதிக நேரம் அவணில் நின்றிருக்கிறது. மேலே கருகிய புள்ளிகள் இருந்தால் பழுது என்று ஒதுக்காதீர்கள், அது மக்காவோ வகை. 1989இல் அண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் மக்காவோவில் பேக்கரி தொடங்கி, போர்த்துக்கீசர் முறையைத் தன் பாட்டில் மாற்றிச் செய்து பேர் எடுத்தது. ஹொங்கொங்கின் கடைசி பிரித்தானிய ஆளுநர் கிறிஸ் பட்டன் எக் டார்ட் பிரியர் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாலு பேருக்கு ஆளுக்கு ஒன்று என்று எடுக்காமல் கூட ஒன்று எடுங்கள், அது கட்டாயம் முடியும்.

நீள்வட்டமாக, மேலே எள்ளும் இரண்டு வெள்ளைக் கோடும் போட்டது கொக்டெயில் பணிஸ். உள்ளே தேங்காய்ப்பூ, சீனி, பட்டர். விற்காமல் மிஞ்சிய பணிஸை வீசாமல் அரைத்துச் சீனியோடு உள்ளே வைத்ததில் பிறந்தது என்று என்னுடைய முதலாளி சொல்வார். தேங்காய் என்பதால் உங்கள் மனைவிக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். தட்டையாக, வட்டமாக, மேலே இரண்டு மூன்று கீறல் போட்டது வைஃப் கேக். உள்ளே நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் இட்டுச் செய்த களி. நாங்கள் லவ் கேக்குக்கு வாங்கும் புகுல் தோசியும் அதே காயில்தான் செய்கிறார்கள்.

சரி, இப்போது அம்மாவின் விஷயம். இங்கேதான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். பழைய முறைப்படி ஏடு பிரிகிற எந்தப் பலகாரத்துக்கும் பன்றிக் கொழுப்புத்தான் போடுவார்கள். எக் டார்ட், வைஃப் கேக், சில வகை மூன் கேக், சில கடைகளில் பயற்றுக் களி வரைக்கும். இறைச்சி ஒரு துண்டும் இல்லாததால், "இது சைவமா" என்று கேட்டால் அந்தப் பிள்ளை மனதறிந்து பொய் சொல்லாமலே ஆம் என்று தலையாட்டும். அப்படிக் கேட்காதீர்கள். "கொழுப்பு எது? பட்டரா, மாஜரினா, பன்றிக் கொழுப்பா?" என்று கேளுங்கள். மொழி தடுத்தால் ஃபோனில் பன்றிப் படத்தைக் காட்டிக் கேளுங்கள். உள்ளே வேலை செய்கிறவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பேக்கர்மார் தங்கள் சாமானைப் பற்றிக் கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

முட்டைக்கு வேறு வழியே இல்லை. பணிஸ் மாவுக்குள்ளும் முட்டை, மேலே மினுக்கத்துக்குப் பூசுவதும் முட்டை. அம்மாவுக்குச் சாத்தியமான ஒன்று எள்ளு உருண்டை. ஒட்டரிசி மா, சீனி, தண்ணீர், நடுவில் சின்னச் சிவப்புப் பயற்றுக் களி, வெளியே எள்ளு. முட்டையும் இல்லை, பாலும் இல்லை. ஆனால் களியில் என்ன எண்ணெய், பொரித்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தார்கள் என்ற இரண்டையும் கேட்க வேண்டும். தெளிவாகப் பதில் வந்தால் கொடுங்கள். தயக்கமாக வந்தால், "பரவாயில்லை அம்மா, ஒன்று சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்தவே வேண்டாம். அவருக்கு ஒரு சோயாப் பாலோ பிளேன்டீயோ வாங்கிக் கொடுத்து, அவணிலிருந்து தட்டு வெளியே வருவதைப் பார்க்க விடுங்கள். வந்து பார்க்கிறேன் என்றுதானே சொன்னார்.

வெளியிலிருந்து கண்டுபிடிக்கப் பெரும்பாலும் மேற்பக்கமே போதும். எள்ளு தூவி வட்டமாக இருந்தால் அநேகமாகப் பயறு. வெங்காயத்தாள் தெரிந்தால் உப்புச் சுவை, பெரும்பாலும் ஹாமோ சொசேஜோ உள்ளே இருக்கும். ஒரு அடையாளமும் இல்லாமல் மினுமினுவென்று வழவழப்பாக இருப்பதுதான் ஆபத்து, சார் சியூ என்ற இனிப்பூட்டிச் சுட்ட பன்றியிறைச்சி அதற்குள்தான் ஒளிந்திருக்கும். ஆனால் கடைக்குக் கடை வழக்கம் மாறும், கேட்டுவிட்டு எடுப்பதே மேல்.

தேநீர் போடுகிறார்கள் என்றால் பால் தேநீர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். ஹொங்கொங் பால் தேநீருக்கு அடிப்படை எங்கள் இலங்கைத் தேயிலைதான். தூளையும் பெரிய இலையையும் கடைக்குக் கடை வேறு கணக்கில் கலந்து, நீளமான துணிப் பைக்குள் போட்டுத் திரும்பத் திரும்ப ஊற்றி வடிப்பார்கள். பால், இனிப்பில்லாத ரின்பால். அந்த முறையை 2017இல் ஹொங்கொங் தன் மரபுச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்தது. மலையகத்தில் எங்கள் சனம் கொய்த கொழுந்து அங்கே போய் அவ்வளவு மரியாதையோடு கோப்பைக்குள் இறங்குவதை ஸ்காபரோவில் ஒவ்வொரு காலையும் நான் பார்த்தேன். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சைனீஸ் ரோல்ஸ் அங்கே இருக்காது. தோசை போல மெல்லிசாகச் சுட்ட மாத்தகட்டில் கறியைச் சுருட்டி, பாண்தூளில் பிரட்டிப் பொரிப்பது எங்கள் நாட்டு வேலை. மகளுக்கு வெள்ளவத்தையிலேயே வாங்கிக் கொடுங்கள்.

தெமட்டகொட உம்மா

அன்ரி சொன்னதோடு ஒன்றிரண்டைச் சேர்க்கிறேன். எங்களுக்கும் கொழுப்புக் கேள்விதான் முதலில். ஆனால் அதோடு முடிவதில்லை. மூஸ் கேக், பழத்தின் மேல் பளபளப்பாக ஊற்றும் ஜெலி இவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது பன்றியிலிருந்தும் வரலாம். இறைச்சி பணிஸில் கோழி என்று எழுதியிருந்தாலும், ஊறவைக்கும்போது சமையல் வைன் சேர்ப்பது சீனச் சமையலில் சாதாரணம். அதோடு ஒரே இடுக்கி எல்லாத் தட்டுக்கும் போய் வருகிறது. நாங்கள் போனால் கவுண்டரில் புது இடுக்கி கேட்டு வாங்குவோம், முகம் சுளிக்காமல் தருவார்கள். உங்கள் அம்மாவுக்கும் அது பொருந்தும் தம்பி.

சீனாவில் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளும் உண்டு. முன்பெல்லாம் பெயர்ப்பலகையில் சீன எழுத்தோடு அரபு எழுத்தும் இருந்தது, பெரும்பாலும் பச்சை நிறத்தில். அப்படி ஒரு பேக்கரி கொழும்பில் வந்தால் முதல் ஆளாக நான் நிற்பேன். என் பிள்ளைகள் வீடியோவில் எக் டார்ட்டைப் பார்த்துவிட்டு என்னைச் செய்யச் சொன்னார்கள். பட்டரில் செய்தேன். ஏடு நன்றாகவே பிரிந்தது. பன்றிக் கொழுப்பு இல்லாவிட்டால் அந்தப் பலகாரம் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாவை மடிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் இடையில் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கிற பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கொழும்பு வெக்கையில் பட்டர் மேசையிலேயே உருகத் தொடங்கிவிடும். அதனால் இரவில்தான் செய்வேன்.

கொட்டாஞ்சேனை அவண்

அன்ரி, இடுக்கி பட்ட இடம் எழும்பாது என்றீர்களே, அந்த மென்மை எங்கிருந்து வருகிறது என்று நான் தலையை உடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஓர்டருக்கு பணிஸ் போடுகிறவன் நான். மாவில் ஒரு சின்னப் பங்கைத் தனியே எடுத்து, அதன் ஐந்து மடங்கு தண்ணீரிலோ பாலிலோ கரைத்து, அடுப்பில் கிண்டிக் களியாக்கி, ஆறவிட்டு மிச்ச மாவோடு சேர்ப்பதுதான் அதன் சூட்சுமம். சூடு 65 பாகை செல்சியஸ் அளவுக்கு வந்தால் போதும். கரண்டி இழுத்த கோடு களியில் மறையாமல் நிற்கும், அப்போது இறக்கிவிட வேண்டும். அந்தச் சூட்டில் மாப்பொருள் வீங்கி நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. அவணில் போட்ட பிறகும் அந்தத் தண்ணீர் விடுபடாது. அதனால்தான் மறுநாளும் பணிஸ் காயாமல் இருக்கிறது. நான் அரைக் கிலோ மாவில் 30 கிராமை எடுத்து 150 மில்லி பாலில் காய்ச்சுகிறேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியபோது பட்டர் வாங்கவே முடியவில்லை. அந்தக் காலத்தில் என் பணிஸைக் காப்பாற்றியது இந்தக் களிதான். பட்டரைக் குறைத்தும் மென்மை குறையவில்லை.

மீன் பணிஸுக்கும் சீனிச்சம்பல் பணிஸுக்கும் இதே மாவைப் போட்டுப் பாருங்கள். என்னிடம் வாங்குகிறவர்கள் வித்தியாசத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஹம்டன் லேன்

எல்லோருக்கும் நன்றி. இன்று போய்வந்தோம். மூன்றரைக்கு உள்ளே போகவும் அன்னாசி பணிஸ் தட்டு வெளியே வரவும் சரியாக இருந்தது. அன்ரி சொன்னபடி அடியில் கொடுத்துத் தூக்கினேன். மகள் முதலில் மேலோட்டை மட்டும் பெயர்த்துச் சாப்பிட்டாள், பிறகுதான் பணிஸ். பட்டர் வைத்துத் தருவீர்களா என்று சைகையில் கேட்டேன். கவுண்டர்ப் பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு துண்டு வெட்டி வந்தாள், அதற்குக் காசும் எடுக்கவில்லை. எக் டார்ட்டின் மேற்பரப்பு வழவழவென்றுதான் இருந்தது, பிஸ்கட் வகை மேலோடு. மனைவிக்குத் தேங்காய் பணிஸ்தான் பிடித்தது. நாளைக்குக் காலையில் சாப்பிட இன்னும் இரண்டு வாங்கி வைத்திருக்கிறார். பன்றியிறைச்சித் தூவல் பணிஸ் நான் எடுத்தேன். பாமன்கடை அண்ணா, நீங்கள் சொன்னது சரி, அந்த உப்பினிப்பு மறக்காது. பால் தேநீரோடு சேர்த்து 2640 ரூபா வந்தது.

அம்மாவுக்காகக் கொழுப்புக் கேள்வியைக் கேட்டதும் அந்தப் பிள்ளை உள்ளேயிருந்து பேக்கரைக் கூட்டி வந்தது. மனுசன் மா படிந்த கையோடு எண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து லேபிளைக் காட்டினார். பயற்றுக் களி மரக்கறி எண்ணெயில்தான் செய்வதாம். ஆனால் எள்ளு உருண்டை பொரிக்கிற அதே சட்டியில்தான் இறைச்சி வைத்த உருண்டையும் பொரிப்பதாக அவரே சொன்னார். அம்மா அவருக்குக் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுப் பிளேன்டீயோடு இருந்துவிட்டார். மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "அந்த உருண்டை உள்ளே வெறுமையாக எப்படி உப்புகிறது, நாங்கள் செய்து பார்ப்போமா" என்று கேட்கிறார். யாருக்காவது பக்குவம் தெரியுமா?

தெஹிவளை அன்ரி

அந்த பேக்கர் நல்ல மனுசன். அவரிடம் தொடர்ந்து வாங்குங்கள்.

உருண்டைக்கு ஒட்டரிசி மாதான் வேண்டும், எங்கள் அரிசி மாவில் வராது. சீனச் சாமான் விற்கும் கடைகளிலும் பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளிலும் கிடைக்கும். 250 கிராம் மாவுக்கு 80 கிராம் சீனி, அதைக் கரைக்கக் கொதிநீர் 180 மில்லி அளவு, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். பிசைந்த மாவில் எலுமிச்சங்காய் அளவு எடுத்துத் தட்டையாக்கி, கொதிநீரில் மிதக்கும் வரை அவித்து, அதையும் மிச்ச மாவோடு சேர்த்துப் பிசையுங்கள். அப்போதுதான் மா இழுபடும், பொரிக்கும்போது வெடிக்காது. உள்ளே வைக்கப் பயற்றை அவித்துச் சர்க்கரையோடு தண்ணீர் வற்றக் கிண்டி எடுத்தால் போதும், அது அம்மாவுக்குப் பழகிய வேலை. உருட்டி, கையை ஈரமாக்கி, எள்ளில் பிரட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இன்னொரு தடவை உருட்டுங்கள். இல்லாவிட்டால் எள்ளு முழுக்க எண்ணெயில் கழன்றுவிடும்.

உப்ப வைப்பது அடுப்புத்தான். எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கும்போதே போட்டு, அடியில் பிடிக்காமல் மெல்லக் கிளறுங்கள். மேலே மிதந்து வந்ததும் கண்ணகப்பையின் முதுகால் ஒவ்வோர் உருண்டையையும் சட்டியின் ஓரத்தோடு மெதுவாக அமத்தி அமத்தி விடுங்கள். அமத்தும்போது தட்டையாகும், விட்டதும் முன்பு இருந்ததைவிடப் பெரிதாகும். அப்படியே நாலைந்து தடவை. நிறம் வரத் தொடங்கிய பிறகு அமத்தக் கூடாது, அதற்குப் பிறகுதான் அடுப்பைக் கூட்ட வேண்டும். முதலில் ஒரே ஒன்றைப் பொரித்துப் பாருங்கள். வெடித்தால் எண்ணெய் சுடச்சுட இருக்கிறது என்று அர்த்தம், சட்டியை இறக்கி ஆறவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.